பி.எட். இல்லாமல் வகுப்பறைக்கு: வாசகர் கேள்வி - பதில்

ஆசிரியர் பயிற்சி முடிக்காத பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இரண்டு ஆண்டுகள் அனுப்பும் திட்டங்களைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பெரும்பாலான கேள்விகள் டீச் ஃபார் இந்தியா ஃபெலோஷிப் பற்றியவை. நியூ ஜெர்சியிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒவ்வொரு கடிதம் வந்திருக்கிறது.

பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஓர் அரியர் இருக்கிறது. டீச் ஃபார் இந்தியாவுக்கு நான் விண்ணப்பிக்க முடியுமா? எத்தனை விழுக்காடு மதிப்பெண் வேண்டும்?
- வாசகர், திருச்சி

விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் விழுக்காட்டுக்குக் கீழ்வரம்பு இல்லை, எந்தப் பாடத்தில் பட்டம் என்ற நிபந்தனையும் இல்லை. ஃபெலோஷிப் தொடங்கும் கோடைக்குள் இளநிலைப் பட்டம் முடிந்திருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோ வேண்டும். ஒரு சேர்க்கை ஆண்டில் ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம்.

உங்கள் சிக்கல் அரியரில்தான். பல பல்கலைக்கழகங்களில் ஏப்ரல், மே தேர்வு முடிவு ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வருகிறது. பயிற்சி அதற்கு முன்பே தொடங்கிவிடும். கடைசி செமஸ்டர் முடிவு தாமதமாவதை விளக்கிச் சொல்லலாம். பழைய அரியர் நிலுவையில் நிற்பதை அப்படி விளக்க முடியாது. ஆகவே நவம்பர் தேர்விலேயே அதை எழுதி முடித்துவிடுங்கள். படிவத்தில் அரியரை மறைக்கவும் வேண்டாம். சான்றிதழ் சரிபார்க்கும்போது மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் அச்சிட்டே இருக்கும்.

வேர் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 1989-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவி வெண்டி காப் தன் இளநிலை ஆய்வேட்டில் எழுதிய யோசனைதான் 1990-இல் டீச் ஃபார் அமெரிக்கா ஆனது. அதே வடிவத்தில் ஷாஹீன் மிஸ்திரி தொடங்கியது டீச் ஃபார் இந்தியா. முதல் அணி 2009-இல் மும்பையிலும் புனேயிலும் வகுப்பறைக்குள் போனது. சென்னை இப்போது அதன் நகரங்களில் ஒன்று. எந்த நகரம் என்று விருப்பம் சொல்லலாம். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். சென்னை கேட்டு ஹைதராபாத் கிடைத்தால் போவீர்களா என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

என் மகள் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு இதில் சேரப் போகிறேன் என்கிறாள். இரண்டு வருடம் பாடம் நடத்தினால் பி.எட். படித்ததற்குச் சமமா? பிறகு அரசுப் பள்ளி வேலைக்குப் போக முடியுமா?
- வாசகி, கும்பகோணம்

சமம் இல்லை. முதல் கேள்வியாகக் கேட்க வேண்டியது இதுதான். பலர் இரண்டாம் ஆண்டு முடியும்போதுதான் கேட்கிறார்கள்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே வகைத் திட்டங்களில் சேருபவர் திட்டத்துக்குள்ளேயே ஆசிரியர் உரிமத்தைப் பெற்றுவிடுவார். இந்தியாவில் அப்படி இல்லை. இங்கே ஃபெலோ என்பவர் பள்ளியின் ஊதியப் பட்டியலில் வருவதில்லை. நிறுவனம் பள்ளியோடு உடன்பாடு செய்துகொண்டு அனுப்பும் ஆள், அவ்வளவுதான். உதவித்தொகை தருவதும் நிறுவனமே. முடிவில் கிடைப்பது ஃபெலோஷிப் சான்றிதழ். அது ஆசிரியர் கல்விப் பட்டம் ஆகாது.

சட்டம் கேட்பதைத் தனியாகப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 23-ஆம் பிரிவின்படி ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ. வகுத்து 2010 ஆகஸ்ட் 23-இல் அறிவித்தது. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை எடுக்க ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், அதாவது டி.எல்.எட்., அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் முதல் தாள். 6 முதல் 8 வரை பட்டத்தோடு பி.எட்., டெட் இரண்டாம் தாள். பி.எட். மட்டும் படித்தவர் தொடக்க வகுப்புக்குத் தகுதியானவர் அல்லர் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மிச்சம் இருந்தால் டெட் தேறியே ஆக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறதல்லவா? தகுதியைத் தளர்த்தும் பக்கம் அல்ல.

அப்படியானால் ஃபெலோஷிப் நடக்கும்போதே அஞ்சல் வழியில் பி.எட். படித்துவிடலாமே என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். அதுவும் நடக்காது. தொலைநிலை பி.எட். சேர, தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்ற பணியிலிருக்கும் ஆசிரியராக இருக்க வேண்டும், அல்லது என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற ஓர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை நேரடி வகுப்பில் முடித்திருக்க வேண்டும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இக்னோவுக்கும் இதே விதிதான். உங்கள் மகள் இந்த இரண்டு வகையிலும் வர மாட்டார். ‘வருகைப் பதிவு வேண்டாம், பணம் கட்டினால் போதும்’ என்று வெளி மாநிலக் கல்லூரி பெயரில் ஆள் பிடிப்பவர்களிடம் சிக்கினால், பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள நேரும்.

ஆகவே மகளின் இலக்கு அரசுப் பள்ளி வேலைதான் என்றால் நேரே இரண்டாண்டு பி.எட். போகட்டும். அதில் சேரப் பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு வேண்டும். மற்றப் பிரிவினருக்குக் குறையும். பிறகு டெட் எழுதட்டும். பொதுப் பிரிவினருக்கு 150-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி, ஒரு தடவை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும். ஃபெலோஷிப்பில் செலவிடும் இரண்டு ஆண்டு இந்த வரிசையில் ஒரு படிகூட முன்னே நகர்த்தாது.

கல்வித் துறையில் வேறு வேலைகள் அவள் மனதில் இருந்தால் கணக்கு மாறும். பாடத்திட்ட வடிவமைப்பு, தொண்டு நிறுவனங்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலை, கல்விக் கொள்கை ஆய்வு ஆகியவற்றுக்கு இந்த இரண்டு ஆண்டு நல்ல முதலீடு. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. கல்வியியல் போன்ற படிப்புகளுக்கு பி.எட். கேட்பதில்லை, வகுப்பறை அனுபவம் அங்கே மதிப்பு பெறும். அந்த எம்.ஏ.வும் பள்ளி ஆசிரியர் உரிமம் அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இல்லம் தேடிக் கல்வியில் இரண்டு ஆண்டு தன்னார்வலராக இருந்தேன். விண்ணப்பத்தில் அதை எழுதினால் எடுபடுமா? எப்படி எழுதுவது?
- வாசகி, விழுப்புரம்

எடுபடும். ஆனால் நீங்கள் அனுப்பிய வரைவு எடுபடாது. அதிலிருந்து ஒரு வரி: ‘ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்ற வேண்டும் என்ற உணர்வோடு சேவை செய்தேன்.’ இதைப் போன்ற வரி ஆயிரம் படிவங்களில் இருக்கும். படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். மாலை வகுப்புக்கு வந்த 18 பேரில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு எழுத்துகூடத் தெரியவில்லை. வயதுவாரியாக உட்கார வைப்பதை விட்டுவிட்டு, யார் எழுத்தில் நிற்கிறார்கள், யார் சொல்லில் நிற்கிறார்கள், யாரால் பத்தி வாசிக்க முடிகிறது என்று பார்த்து மூன்று குழுவாகப் பிரித்தீர்கள். ஒரு பையன் மூன்று மாதத்தில் எழுத்திலிருந்து பத்திக்கு வந்தான். இன்னொருவன் நகரவே இல்லை, அவனுக்குக் கண் பார்வைக் குறைவு என்று பிறகுதான் தெரிந்தது. இதைத்தான் எழுத வேண்டும். நகராத பையனையும் சேர்த்து.

ஒவ்வொரு கேள்விக்கும் இந்த வரிசை உதவும்: என்ன நிலைமை இருந்தது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன், என்ன மாறியது, எது மாறவில்லை, அடுத்த தடவை என்ன வேறு விதமாகச் செய்வீர்கள். எண்ணிக்கை இருந்தால் போடுங்கள். இல்லாத எண்ணிக்கையை உருவாக்காதீர்கள். நேர்காணலில் அதையே தோண்டுவார்கள். ‘எத்தனை பேர்? எப்படிச் சோதித்தீர்கள்?’ என்று இரண்டு கேள்வி வந்தாலே இட்டுக்கட்டியது தெரிந்துவிடும்.

‘நாங்கள்’ என்று எழுதும் பழக்கம் நம்மவர்களுக்கு அதிகம்; அடக்கமாக இருக்கட்டும் என்று. விண்ணப்பத்தில் அது கெடுதல். குழுவாகச் செய்ததில் உங்கள் கை எதில் பட்டது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பது இதே தர்க்கம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை ஒரு வரியில் தொட்டால், களம் தெரிந்தவர் என்று புரியும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

நேரடித் தேர்வில் ஐந்து நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்களாமே. நான் பி.இ. படித்தவன், பாடம் நடத்திப் பழக்கம் இல்லை. எதை எடுத்துக்கொள்வது? என்ன தவறு நடக்கும்?
- வாசகர், மதுரை

தேர்வின் முதல் சுற்று இணையப் படிவமும் தேர்வும். அதைத் தாண்டியவர்களுக்குப் பேச்சு, குழுச் செயல்பாடு, மாதிரி வகுப்பு, தனி நேர்காணல் என்று போகும். எது எந்தச் சுற்றில் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், உங்களுக்கு வரும் மின்னஞ்சலில் உள்ளதே கணக்கு. மாதிரி வகுப்புதான் பலரைக் கவிழ்க்கிறது, எனவே அதை விரிவாகப் பார்ப்போம்.

பொறியியல் படித்தவர்கள் செய்யும் முதல் தவறு தலைப்பில். ஒளிச்சேர்க்கை, நியூட்டன் விதிகள், ஜனநாயகம் என்று எடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் அதை விளக்கத்தான் முடியும், கற்றுக்கொடுக்க முடியாது. ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் முன்பு செய்ய முடியாத ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். தலைப்பு அந்த அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக ஒன்று: நாலாம் வகுப்பு, பின்னம். ‘மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா?’ பெரும்பாலான பிள்ளைகள் நான்கில் ஒன்று என்பார்கள், நான்கு பெரிய எண் என்பதால். இந்தத் தவறான புரிதல்தான் உங்கள் பாடத்தின் அச்சாணி.

ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகள் வேண்டும், ஒவ்வொன்றும் 12 செ.மீ. ஏன் 12? மூன்றாகப் பிரித்தால் 4 செ.மீ., நான்காகப் பிரித்தால் 3 செ.மீ., முழு எண்ணாக வரும். மடிக்கச் சொல்லாதீர்கள். நாலாக மடிப்பது எளிது, மூன்றாக மடிப்பது பெரியவர்களுக்கே கோணலாகும். ஐந்து நிமிடத்தில் இரண்டு அதிலேயே போய்விடும். முந்தைய இரவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எடுத்துப் போங்கள். எதிரே இருப்பவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பட்டை, கைவசம் கூடுதலாக நாலைந்து. பட்டைகளின் நீளம் அரை சென்டிமீட்டர் மாறினாலும் பாடம் நாசம். முழுப் பொருள் ஒன்றாக இருந்தால்தான் பங்கை ஒப்பிட முடியும் என்பதே இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது.

முதல் அரை நிமிடம்: கேள்வியைப் போடுங்கள், எல்லோரும் விரல் காட்டி வாக்களிக்கட்டும். மூன்று விரலா, நாலு விரலா. விடை சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஒன்றரை நிமிடம்: ஒரு பட்டையில் ஒரு பங்கை நீங்கள் வண்ணமடித்துக் காட்டுங்கள், என்ன செய்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. அடுத்து இரண்டு நிமிடம் அவர்கள் கையில்: இரண்டு பட்டையிலும் ஒரு பங்கை வண்ணமடித்து, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிடட்டும். நீங்கள் பலகை அருகே நிற்காமல் மேசை மேசையாகப் போங்கள். கடைசி ஒரு நிமிடம்: பட்டை இல்லாமல் புதுக் கேள்வி ஒன்று. ஐந்தில் ஒன்று பெரியதா, எட்டில் ஒன்று பெரியதா? ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தரட்டும்.

அந்தச் சீட்டில்தான் மதிப்பெண் இருக்கிறது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டு வகுப்பே ‘புரிஞ்சுது சார்ர்ர்’ என்று இழுத்துச் சொல்வதைக் கேட்டுத் திருப்தியடையும் விண்ணப்பதாரர் தேறுவது கடினம். கை தூக்கிய ஒருவரிடம் மட்டும் விடை வாங்கிக்கொண்டு நகர்வதும் அதே ரகம்தான்.

எதிரே உட்கார்ந்து பிள்ளைகளாக நடிப்பவர்கள் மதிப்பீட்டாளர்களாகவோ மற்ற விண்ணப்பதாரர்களாகவோ இருப்பார்கள். ஒருவர் வேண்டுமென்றே தவறான விடை சொல்லலாம், ஒருவர் பக்கத்திலிருப்பவரோடு பேசலாம். தவறான விடைக்கு ‘இல்லை, தப்பு, வேற யாராவது?’ என்று தாவாதீர்கள். ‘எப்படிக் கண்டுபிடிச்சே?’ என்று கேளுங்கள். பேசுபவரின் பக்கத்தில் போய் நின்றபடி பாடத்தைத் தொடர்ந்தாலே பாதி அடங்கிவிடும். அதிலும் அடங்காவிட்டால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள், சீட்டு வாங்குவது போல.

வீட்டில் பழகும்போது அலைபேசியில் நாலரை நிமிடத்துக்கு மணி வையுங்கள். கண்ணாடி முன் பழகிப் பயனில்லை. அக்கம்பக்கத்தில் எட்டு, ஒன்பது வயதில் இரண்டு பிள்ளைகள் கிடைத்தால் அவர்களிடம் நடத்திப் பாருங்கள். எந்தச் சொல் அவர்களுக்குப் புரியவில்லை என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் நிமிடம் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். பாடம் பாதியில் நின்றாலும் பதறாதீர்கள். பின்னால் நேர்காணலில் ‘என்ன சரியாக நடக்கவில்லை?’ என்று கேட்கும்போது, ‘கைவேலைக்குக் கூடுதல் நேரம் போனது, முன்கேள்வியைச் சுருக்கியிருக்க வேண்டும்’ என்று துல்லியமாகச் சொல்பவருக்கே மதிப்பு. ‘எல்லாம் நன்றாகவே போனது’ என்பது பலவீனமான பதில்.

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் எழுத வரும், பேசத் தடுமாறுவேன். விண்ணப்பிப்பதே வீணா?
- வாசகி, தருமபுரி

வீண் அல்ல. ஆனால் ஆங்கிலம் இல்லாமல் முடியும் என்று ஆறுதல் சொல்வதும் நேர்மையாகாது. விண்ணப்பம், தேர்வு, நேர்காணல் மூன்றும் ஆங்கிலத்தில்தான். அனுப்பப்படும் வகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கில வழி. வீட்டில் ஆங்கிலம் கேட்காத பிள்ளைகள் உங்களிடமிருந்துதான் அந்த மொழியைக் கேட்கப்போகிறார்கள். ஆகவே வாக்கியம் சரியாக இருக்க வேண்டும். உச்சரிப்பில் ஊர் வாடை இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை.

நேர்காணல் பதில்களை மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். உங்கள் வாழ்க்கையில் நடந்த ஐந்து நிகழ்வுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில் எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். எந்தக் கேள்வி வந்தாலும் அந்த ஐந்தில் ஒன்று பொருந்தும். சொல் கிடைக்காவிட்டால் இரண்டு விநாடி நிறுத்திச் சின்னச் சொல்லால் சொல்லுங்கள்.

சென்னையில் இடம் கிடைத்தால் தமிழ் உங்களுக்குப் பெரிய பலம். பெற்றோர் கூட்டத்தில் வீட்டு வேலை முடித்து ஓடி வரும் அம்மாவிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச முடிகிற ஃபெலோ எல்லாப் பள்ளிக்கும் கிடைப்பதில்லை. இதை நேர்காணலில் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

எனக்கு 34 வயது, ஐ.டி. வேலை, வீட்டுக் கடன் இருக்கிறது. வயது தடையா? சம்பளம் எவ்வளவு வரும்?
- வாசகர், சென்னை

வயது தடை இல்லை. கடன்தான் தடை. கிடைப்பது மாத உதவித்தொகை. 20,000 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் வாங்குவதோடு ஒப்பிடவே முடியாது. வெளியூரிலிருந்து இடம் மாறி வருபவர்களுக்குத் தனியாக வீட்டு வாடகை உதவி உண்டு. சென்னைக்காரர் சென்னையிலேயே சேர்ந்தால் அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஆஃபர் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்து மூலம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: பயிற்சி வாரங்களுக்குத் தொகை உண்டா, முதல் தொகை எந்த மாதம் வரும், மருத்துவக் காப்பீடு யாருக்கெல்லாம் பொருந்தும், நடுவில் விலகினால் என்ன, வகுப்புக்கு வாங்கும் சார்ட், புத்தகம், நகல் செலவு யாருடையது. கடைசியில் சொன்னது சில்லறையாகத் தெரியும். 35 பிள்ளைகளுக்கு வாரம் மூன்று பயிற்சித்தாள் நகலெடுத்துப் பாருங்கள்.

இரண்டு ஆண்டுக்கான மாதத் தவணையைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு வருவதானால் வாருங்கள். ‘வார இறுதியில் ஃப்ரீலான்ஸ் பார்த்துச் சமாளிப்பேன்’ என்ற திட்டம் முதல் பருவத்திலேயே உடைந்துவிடும். பாடக் குறிப்பு, திருத்தம், வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைப் பார்ப்பது எல்லாம் சனி ஞாயிறைத்தான் தின்னும்.

‘வகுப்பில் ஒரு மாணவன் அடங்கவே இல்லை, என்ன செய்வீர்கள்?’ என்று நேர்காணலில் கேட்டால் எது சரியான பதில்?
- வாசகர், நாகர்கோவில்

சரியான பதில் ஒன்றே ஒன்று இல்லை. தவறான பதில் நிச்சயமாக இருக்கிறது: அடி, முட்டி போடுதல், வெளியே நிறுத்துதல், ‘எங்கள் காலத்தில் வாத்தியார் பிரம்பெடுத்தால்தான்...’ என்ற பெருமூச்சு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. விளையாட்டாகச் சொன்னாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த நேரத்தில் அடங்கவில்லை என்று பார்ப்பதிலிருந்து பதிலைத் தொடங்குங்கள். வாசிப்பு நேரத்தில் மட்டும் சேட்டை செய்பவனுக்குப் பெரும்பாலும் வாசிக்கத் தெரியாது. மதிய உணவுக்கு முன் சண்டை போடுபவன் காலையில் சாப்பிட்டானா என்று கேட்க வேண்டும்.

கணிதத்தில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. தமிழ்நாட்டில் படித்தேன். இப்போது கிரீன் கார்டு இருக்கிறது. நியூவார்க் போன்ற இடங்களில் ஆசிரியை ஆக வேண்டும். மறுபடி கல்லூரிக்குப் போகாமல் வழி உண்டா?
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

இரண்டு வழி உண்டு. ஒன்று டீச் ஃபார் அமெரிக்கா: குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும், பட்டத்தில் 2.5 ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வேண்டும்; இரண்டு ஆண்டு, சம்பளம் தருவது பள்ளி மாவட்டமே. மற்றொன்று எந்த அமைப்பையும் சாராத, மாநிலத்தின் மாற்றுவழி உரிமம். அமெரிக்காவில் இப்படி ஒரு கதவை முதலில் திறந்த மாநிலங்களில் நியூ ஜெர்சியும் ஒன்று, 1980-களின் நடுவில். குடும்பத்தோடு எடிசனில் வேரூன்றிவிட்ட உங்களுக்கு இரண்டாவதே தோது.

வரிசை இப்படி: வெளிநாட்டுப் பட்டத்தை ஒவ்வொரு பாடமாக மதிப்பிடச் செய்ய வேண்டும். கணிதத்தில் குறைந்தது 30 கிரெடிட், அதில் 12 உயர்நிலைப் பாடங்கள். ப்ராக்ஸிஸ் எனப்படும் ஆசிரியர் உரிமத் தேர்வில் கணிதத் தாள், எண் 5165. பணிக்கு முந்தைய 50 மணி நேரப் பயிற்சி. இவை முடிந்தால் தகுதிச் சான்று, சுருக்கமாக சி.இ., வரும். அதை வைத்துக்கொண்டு வேலை தேட வேண்டும். வேலை கிடைத்த பிறகுதான் தற்காலிக உரிமம். பாடம் நடத்திக்கொண்டே இரண்டு ஆண்டில் இன்னும் 350 மணி நேர வகுப்பு, உடன் வழிகாட்டும் மூத்த ஆசிரியர். அதன் பின்னே நிலையான உரிமம். ப்ராக்ஸிஸ் கோர் எனப்படும் அடிப்படைத் திறன் தேர்வு 2025 ஜனவரி 1 முதல் இல்லை. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதற்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் காகிதத்தில். நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யைச் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் முழுப் பட்டமாக ஏற்பதில்லை. ஆகவே எம்.எஸ்சி.யையும் சேர்த்தே அனுப்புங்கள். மதிப்பெண் 65 விழுக்காடு என்றால் அதை 4-க்கு 2.6 என்று நீங்களே வகுத்துப் போட்டு மனம் தளராதீர்கள். இந்திய முதல் வகுப்பு மதிப்பெண்ணை அவர்கள் வேறு அட்டவணையில் மாற்றுவார்கள், பெரும்பாலும் 3-க்கு மேல் வரும். 3.0 என்பதே அந்த மாநிலத்தின் பொது வரம்பு.

பெயர் இன்னொரு தலைவலி. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கிரீன் கார்டில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று காட்டும் பிரமாணப் பத்திரத்தையும் திருமணச் சான்றையும் முதலிலேயே இணையுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் வரவழைக்க ஊரில் யாராவது நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். எல்லாவற்றிலும் மெதுவாக நடப்பது அதுதான், அதையே முதலில் தொடங்குங்கள்.

லண்டனில் டீச் ஃபர்ஸ்ட் திட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஓ.எல். எடுத்தது, பட்டம் இங்கே. ஜி.சி.எஸ்.இ. கேட்கிறார்கள். திரும்பவும் எழுத வேணுமோ?
- வாசகர், ஹரோ

டீச் ஃபர்ஸ்ட் இதே வகைத் திட்டத்தின் இங்கிலாந்து வடிவம். இங்கிலாந்தில் ஆசிரியராக ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. (அங்கே 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) கிரேடு 4-க்கு நிகரான தேர்ச்சி வேண்டும். தொடக்கப் பள்ளிக்கு அறிவியலும் சேரும். உங்கள் இலங்கை ஓ.எல். பெறுபேற்றை, வெளிநாட்டுக் கல்வித் தகுதிகளை ஒப்பிட்டுச் சொல்லும் யு.கே. எனிக் அமைப்பிடம் கொடுத்து ஒப்பீட்டுச் சான்று எடுங்கள். கணிதம் ஏற்கப்பட்டு ஆங்கிலம் மட்டும் நின்றால், முழு ஜி.சி.எஸ்.இ.க்குப் பதிலாக நிகர்நிலைத் தேர்வு எழுதலாம்; எந்த நிறுவனத்தின் தேர்வை ஏற்பார்கள் என்பதை டீச் ஃபர்ஸ்டிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். உங்கள் வேலை உரிமை திட்டக்காலம் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். இங்கே முடிவில் கியூ.டி.எஸ். என்ற முழு ஆசிரியர் தகுதி கிடைக்கிறது, படிப்புக் கட்டணமும் உங்கள் தலையில் விழாது.

கடைசிச் சுற்றுவரை போய்த் தேர்வாகவில்லை. காரணம் சொல்லவில்லை. அடுத்த வருடம் போடலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

போடலாம், அடுத்த சேர்க்கை ஆண்டு தொடங்கியதும். அதே கட்டுரைகளை அப்படியே ஒட்டாதீர்கள்; இடைப்பட்ட மாதங்களில் புதிதாக ஏதாவது நடந்திருக்க வேண்டும். வாரம் மூன்று மாலை பத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுப்பது போதும், இடம் மொட்டை மாடியாக இருந்தாலும் சரி. முதல் நாள் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள் என்று தேதி போட்டு நோட்டில் குறித்து வையுங்கள்: எழுத்து, சொல், பத்தி, கதை. மாதம் ஒரு தடவை அதே சோதனை. சேர்க்கைச் சுற்றுகள் பொதுவாகச் செப்டம்பர் வாக்கில் தொடங்கிச் சில மாதங்கள் நீளும். கடைசிச் சுற்றுக்குக் காத்திருந்தால் விரும்பும் நகரம் கிடைக்கும் வாய்ப்பு குறையும். நோட்டை ஜூனிலேயே தொடங்கினால் முதல் சுற்றுக்குள் மூன்று மாதக் குறிப்பு கையில் இருக்கும்.